முதலில் இன்ச் டேப், அப்புறம் ரேஸ் ட்ராக்!

திருச்சி எடமலைப்பட்டி புதூரில் ஸ்போர்ட்ஸ் பைக் வைத்திருக்கும் ஓர் இளைஞருக்கு ட்ராக்கில் ஓட்டிப் பார்க்க ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். செலவுப் பட்டியல் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் இருக்கும். முதலில் சத்தம் போடும் சைலன்சர். அடுத்து ஏர் ஃபில்டர். அப்புறம் லீவர், ஸ்டிக்கர். எல்லாம் முடிந்த பிறகு மெக்கானிக்கிடம் போகிற போக்கில் ஒரு வார்த்தை: "அண்ணே, பின்னாடி ஷாக்கைக் கொஞ்சம் டைட் வெச்சுடுங்க." அவரும் ஸ்பேனரை மாட்டி இரண்டு சுற்று இறுக்கிவிட்டு, "போதுமா தம்பி?" என்பார். சஸ்பென்ஷன் வேலை அதோடு முடிந்தது.

உண்மையில் இந்தப் பட்டியலைத் தலைகீழாகப் போட வேண்டும். சைலன்சர் மாற்றினால் நேர்ரோட்டில் ஒரு வண்டி நீளம் முன்னால் போகலாம், அவ்வளவுதான். வளைவில் சாய்ந்திருக்கும்போது வண்டியையும் ஓட்டுபவரையும் தரையோடு பிடித்து வைத்திருப்பது இரண்டு டயர்களின் உள்ளங்கை அளவு ரப்பர். அந்த ரப்பர் தரையை விட்டு எழும்பாமல் பார்த்துக்கொள்வதுதான் சஸ்பென்ஷனின் வேலை. அது சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் பெரிய பணம் தேவையில்லை. ஓர் இன்ச் டேப், ஒரு கேபிள் டை, ஒரு நோட்டு, வீட்டில் இன்னும் இரண்டு பேர். இவ்வளவு போதும்.

ரோடு வேறு, ட்ராக் வேறு

எடமலைப்பட்டி புதூரில் இருப்பவருக்கு ட்ராக் என்றால் இரண்டு இடங்கள் முக்கியம். ஒன்று, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். சுமார் 3.7 கி.மீ. நீளம், 12 வளைவுகள். ஒரு காலத்தில் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்திக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-ல் சொந்தமாகத் திறந்த ட்ராக் இது. இன்னொன்று, கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே. கோவையின் ரேஸ் வீரரும் ரேஸ் கார் வடிவமைப்பாளருமான கரிவரதனின் நினைவாகப் பெயர் வைக்கப்பட்டது. சுமார் 2 கி.மீ. நீளம்தான், ஆனால் வளைவுகள் நெருக்கமாக வரும்.

இந்த இரண்டு இடங்களிலும் பயிற்சிப் பள்ளிகளும் ட்ராக் தினங்களும் நடக்கின்றன. கீத் கோட் தொடங்கிய கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து வகுப்பு எடுத்திருக்கிறது. சென்னையின் ரேஸ் வீரர் ரஜினி கிருஷ்ணனும் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். வேகத்தில் ஆசை உள்ள பிள்ளைகளுக்கு மதுரை ரோட்டைவிட இது எவ்வளவோ நல்ல இடம். எதிரே வண்டி வராது, நாய் குறுக்கே ஓடாது, விழுந்தால் ஓடி வர ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். பொதுச் சாலையில் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு காத்திருக்கிறது. முதல் முறைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

ஆனால், ரோட்டுக்காகச் செய்த வண்டியை அப்படியே ட்ராக்கில் இறக்கினால் அது வேறு மாதிரி நடந்துகொள்ளும். பைக் கம்பெனி சஸ்பென்ஷனை வடிவமைக்கும்போது யாரை நினைத்துக்கொள்கிறது? ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்குபவரை. பின்னால் மனைவியை உட்கார வைத்துக் கல்யாணத்துக்குப் போகிறவரை. மழைக்குப் பிறகு பல்லிளிக்கும் ரோட்டை. எனவே கொஞ்சம் மெத்தென்று வைப்பார்கள். ட்ராக்கில் குழி இல்லை, பின்சீட்டில் ஆளும் இல்லை. ஆனால் ஒவ்வொரு லேப்பிலும் பலமுறை முழு பிரேக், உடனே முழுச் சாய்வு, உடனே முழு ஆக்சிலரேட்டர். ஒவ்வொரு முறையும் எடை முன்னும் பின்னும் பாய்கிறது. மெத்தென்ற வண்டி அப்போது படகு மாதிரி ஆடும்.

ஸ்பிரிங் தாங்கும், ஆயில் அடக்கும்

சஸ்பென்ஷனுக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் வேலை எடையைத் தாங்குவது. அதைச் செய்வது ஸ்பிரிங். வண்டியும் ஆளும் சேர்ந்து அழுத்தும்போது எவ்வளவு அமுங்க வேண்டும் என்பதை ஸ்பிரிங்தான் முடிவு செய்கிறது.

இரண்டாவது வேலை, அமுங்கிய ஸ்பிரிங் துள்ளாமல் அடக்குவது. இதைச் செய்வது ஆயில். வங்கியிலோ ஏ.சி. ஆபீஸிலோ கதவைத் திறந்துவிட்டால் படாரென்று அறையாமல் மெதுவாக வந்து மூடும். மேலே மாட்டியிருக்கும் டோர் க்ளோசருக்குள் ஆயில் ஒரு சின்னத் துவாரம் வழியாகப் போவதால்தான் அந்த நிதானம். அதில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருகினால் கதவு மூடும் வேகம் மாறும். பைக்கின் ஃபோர்க்கிலும் ஷாக்கிலும் நடப்பது இதேதான். இதற்குப் பெயர் டேம்பிங். அமுங்கும் வேகத்தை அடக்குவது கம்ப்ரஷன் டேம்பிங், அமுங்கியது திரும்பி எழும் வேகத்தை அடக்குவது ரீபவுண்டு டேம்பிங்.

மூன்றாவதாக ஒரு வார்த்தை அடிக்கடி காதில் விழும்: ப்ரீலோடு. ஆள் உட்காருவதற்கு முன்பே ஸ்பிரிங்கை எவ்வளவு அமுக்கி வைத்திருக்கிறோம் என்பதுதான் அது. பின்பக்க ஷாக்கில் வளையத்தை இறுக்கும்போது மாறுவது இந்த ப்ரீலோடுதான்.

பெரிய தவறு தொடங்குவதும் இங்கேதான். வளையத்தை இறுக்கினால் 'ஸ்பிரிங் ஹார்டாகிவிட்டது' என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஆகாது. ஸ்பிரிங்கின் பலம் அதன் கம்பியின் தடிமனிலும் சுற்றுகளின் எண்ணிக்கையிலும் விட்டத்திலும் இருக்கிறது. வளையத்தை இறுக்கினால் வண்டியின் பின்பக்கம் உயர்ந்து நிற்கும், அவ்வளவுதான். 55 கிலோ எடையுள்ளவரின் வண்டியில் கணக்கில்லாமல் இறுக்கினால், பின்சக்கரம் கீழே இறங்க இடமே இல்லாமல் போகும். தரையில் சின்னப் பள்ளம் வந்தாலும் டயர் காற்றில் நிற்கும். வளைவில் அது ஒரு கணம் நடந்தால் போதும், கீழே விழ.

அளப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

அளவெடுப்பதற்கு முன்னால் வண்டி ஆரோக்கியமாக இருக்க வேண்டும். ஃபோர்க் சீலில் ஆயில் கசிவு இருக்கிறதா? ஹேண்டில் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா, திருப்பும்போது நடுவில் சிக்குகிறதா? ஸ்விங் ஆர்ம் பக்கவாட்டில் ஆடுகிறதா? எப்போதோ விழுந்த வண்டி என்றால் ஃபோர்க் நேராக இருக்கிறதா? செயின் அதிகமாக இறுகியிருந்தால் ஆள் உட்கார்ந்ததும் இன்னும் இறுகி, பின்சக்கரத்தை மேலும் கீழும் போக விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் எடுக்கும் அளவு பொய் அளவு.

டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். காற்று குறைந்த டயரை வைத்துக்கொண்டு ஷாக்கைத் திருகுவது, காய்ச்சலுக்குக் கண்ணாடி மாற்றுவது மாதிரி.

வாசலில் மூன்று பேர்

இப்போது அளவு. ஆள் உட்கார்ந்ததும் வண்டி எவ்வளவு இறங்குகிறது என்பதற்கு 'சேக்' என்று பெயர். இதை ஒருவர் தனியாக அளக்க முடியாது, மூன்று பேர் வேண்டும். ஓட்டுபவர் உட்கார வேண்டும், ஒருவர் வண்டியை நேராகப் பிடிக்க வேண்டும், ஒருவர் அளக்க வேண்டும். அண்ணன், அக்கா, அப்பா யாராக இருந்தாலும் சரி. பொன்மலை ரயில்வே பணிமனையிலோ பெல் நிறுவனத்திலோ வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் பக்கத்து வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. டேப்பை அவர் கையில் கொடுத்துவிடலாம். அரை மில்லிமீட்டரைக்கூட விடமாட்டார்!

பின்பக்கம் இப்படி அளக்க வேண்டும். சக்கரத்தின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே, சீட்டின் பக்கவாட்டில் மாஸ்க்கிங் டேப் ஒட்டி ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். ஆக்ஸிலின் மையத்திலிருந்து அந்தக் கோடு வரைதான் அளவு.

முதல் அளவு, பின்சக்கரம் முழுதாகத் தொங்கும்போது. ஸ்விங் ஆர்முக்குக் கீழே கொடுக்கும் பேடாக் ஸ்டாண்டில் நிறுத்தினால் சக்கரம் தொங்காது. எனவே வண்டியின் பின்பக்கத்தை இருவர் சேர்ந்து தூக்க வேண்டும். உதாரணத்துக்கு 600 மி.மீ. வருகிறது என்று கொள்ளலாம்.

அடுத்து, ஓட்டுபவர் ட்ராக்கில் போடும் அத்தனையையும் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். லெதர் சூட், பேக் ப்ரொடெக்டர், ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் சேர்ந்தால் எட்டு, பத்து கிலோ ஆகிவிடும். லுங்கியோடு உட்கார்ந்து அளந்தால் அது வேறு ஆளின் அளவு. கால்களை ஃபுட்பெக்கில் வைத்து, ஓட்டும் நிலையிலேயே உட்கார வேண்டும்.

இப்போது சீட்டை ஒருமுறை அமுக்கி, மெதுவாக மேலே வர விட்டு அளக்க வேண்டும். 558 மி.மீ. வருகிறது. அடுத்து சீட்டைக் கொஞ்சம் தூக்கி, மெதுவாக இறங்க விட்டு அளக்க வேண்டும். 564 வருகிறது. ஒரே வண்டி, ஒரே ஆள், இரண்டு அளவுகள் ஏன்? உள்ளே இருக்கும் சீலும் புஷ்ஷும் கொஞ்சம் பிடித்துக்கொள்கின்றன. அதனால் இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும்: 561. முதல் அளவான 600-லிருந்து கழித்தால் 39 மி.மீ. அதுதான் சேக்.

ரோட்டில் ஓட்ட 35 முதல் 40 மி.மீ. வசதியாக இருக்கும். ட்ராக்குக்குப் பொதுவாக முன்பக்கம் 30 முதல் 35, பின்பக்கம் 25 முதல் 35 மி.மீ. என்று வைப்பார்கள். மொத்தமாக 120 மி.மீ. போல அமுங்கக்கூடிய சஸ்பென்ஷனுக்கு இது பொருந்தும். நான்கில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று மேல் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். வண்டியின் கையேடு வேறு எண் சொன்னால் கையேட்டுக்கே முதல் மரியாதை.

39-ஐ 31 ஆக்க வேண்டும் என்றால் பின் ஷாக்கின் வளையத்தை 8 மி.மீ. இறுக்கக் கூடாது. பின்பக்க ஷாக் ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் சக்கரம் சுமார் இரண்டு மில்லிமீட்டர் அசையும் அமைப்பே அதிகம். எனவே 4 மி.மீ. போல இறுக்கிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். முன் ஃபோர்க்கில் இந்தக் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று.

முன்பக்கம் அளப்பது இன்னும் சுலபம். ஹேண்டிலைப் பிடித்து முன்சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கின் பளபளக்கும் குழாய் எவ்வளவு நீளம் வெளியே தெரிகிறது என்று அளக்க வேண்டும். பிறகு ஆள் உட்கார்ந்ததும் அதே இரண்டு முறை, அதே சராசரி.

ஸ்பிரிங் தன் எடைக்கு ஏற்றதா?

சேக் சரியாக வந்துவிட்டது. இப்போது ஓட்டுபவர் இறங்கிவிட வேண்டும். வண்டி தன் சொந்த எடையில் மட்டும் எவ்வளவு இறங்கி நிற்கிறது என்று பின்பக்கத்தை இன்னொரு முறை அளக்க வேண்டும். 5 முதல் 10 மி.மீ. இறங்கியிருந்தால் ஸ்பிரிங் அவருக்குப் பொருத்தம்.

துளிகூட இறங்காமல் விறைத்து நின்றால்? ஸ்பிரிங் அவர் எடைக்குப் பலம் போதாது என்று அர்த்தம். பலம் போதாததால்தான் அவ்வளவு ப்ரீலோடு கொடுக்க வேண்டியிருந்தது. மாறாக, 15, 20 மி.மீ. இறங்கி நின்றால் ஸ்பிரிங் தேவைக்கு மேல் விறைப்பு. கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும். ஒருமுறை நோட்டில் எழுதிப் பார்த்தால் புரிந்துவிடும்.

60 கிலோ இளைஞர் ஒருவரும் 90 கிலோ நண்பர் ஒருவரும் ஒரே மாடல் வண்டி வைத்திருந்தாலும் ஒரே செட்டிங் இருவருக்கும் பொருந்தாததற்கு இதுதான் காரணம். 'சாம்பியன் இத்தனை க்ளிக் வைக்கிறார்' என்று யாரோ சொன்ன எண்ணைத் தன் வண்டியில் வைப்பது, அடுத்தவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவதற்குச் சமம்.

ஓசூரிலிருந்து வந்த வசதி

சில வருடங்களுக்கு முன்வரை, இந்தியாவில் தயாரான நடுத்தர விலை ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் இப்படித் திருகிப் பார்க்கவே அதிகம் இருக்காது. பின் ஷாக்கில் ஒரு வளையம், அவ்வளவுதான். 'டி.வி.எஸ். டோல்கேட்' என்று ஒரு பஸ் ஸ்டாப்பே இருக்கும் திருச்சிக்காரர்களுக்கு டி.வி.எஸ். பெயர் புதிதல்ல. அந்தக் கம்பெனி 1982 முதல் ரேஸ் அணி வைத்திருக்கிறது. ஓசூரில் தயாராகும் அதன் அப்பாச்சி ஆர்.ஆர். 310 பைக், 2017 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. 2021-ல் வாங்குபவரே தேர்வு செய்துகொள்ளும் 'பில்ட் டு ஆர்டர்' முறையில் 'டைனமிக் கிட்' என்று ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் முன் ஃபோர்க்கில் ப்ரீலோடு, கம்ப்ரஷன், ரீபவுண்டு மூன்றையும் மாற்றலாம். பின் ஷாக்கிலும் ப்ரீலோடு, ரீபவுண்டு மாற்றும் வசதி உண்டு. லட்சக்கணக்கில் கூடுதலாகக் கொடுத்து வெளிநாட்டு சூப்பர்பைக் வாங்கியவர்களுக்கு மட்டும் இருந்த வசதி, கொஞ்சம் கீழே இறங்கி வந்தது.

வசதி வந்துவிட்டது. ஆனால் வாங்கிய நாள் முதல் அந்த ஸ்க்ரூவைத் தொடாமலே ஓட்டலாம், அல்லது கண்டபடி திருகி வைக்கலாம். இரண்டுமே வீண்.

க்ளிக் கணக்கு

டேம்பிங் ஸ்க்ரூவைத் திருகும் முறை இது. கடிகாரம் சுற்றும் திசையில் மெதுவாக முழுவதும் மூட வேண்டும். நின்றதும் விட்டுவிட வேண்டும். அதற்கு மேல் பலம் கொடுத்தால் உள்ளே இருக்கும் ஊசி முனை பழுதாகிவிடும். அங்கிருந்து எதிர்த்திசையில் திறந்துகொண்டே வரும்போது 'டிக், டிக்' என்று விழும் ஒவ்வொன்றும் ஒரு க்ளிக். மூடும்போதே எத்தனை க்ளிக் என்று எண்ணிக்கொண்டால் இதுவரை இருந்த செட்டிங் தெரிந்துவிடும். அதை முதலில் நோட்டில் எழுத வேண்டும். பிறகு கையேட்டில் இருக்கும் எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். தொடக்கப் புள்ளி அதுதான்.

ரீபவுண்டு சரியா என்று வாசலிலேயே தோராயமாகப் பார்க்கலாம். சீட்டை நன்றாக அமுக்கிவிட்டுக் கையை எடுத்தால், வண்டி சுமார் ஒரு நொடியில் எழுந்து, மேலே வந்து அப்படியே நின்றுவிட வேண்டும். எழுந்து, மறுபடி இறங்கி, மறுபடி எழுந்தால் ரீபவுண்டு போதவில்லை. சோம்பல் முறித்துக்கொண்டு எழுவது மாதிரி மெதுவாக எழுந்தால் அதிகம்.

அதிகமாக இருப்பது போதாததைவிட ஆபத்து. ஒரு மேட்டில் அமுங்கிய சக்கரம் திரும்பி வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். மூன்றாவது, நான்காவது மேட்டில் சஸ்பென்ஷன் அடிவரை இறங்கிக் கல்லாகிவிடும். ஓட்டுபவருக்கோ 'வண்டி ரொம்ப ஹார்டா இருக்கே' என்று தோன்றும். கம்ப்ரஷனைக் குறைப்பார், பிரச்னை தீராது. காரணம் ரீபவுண்டில் இருக்கிறது.

ட்ராக்கில் கேபிள் டை சொல்லும் சாட்சி

எடமலைப்பட்டி புதூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு 300 கி.மீ. போல வரும். அங்கே போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை, ஃபோர்க்கின் பளபளக்கும் குழாயில் ஒரு கேபிள் டையை மாட்டி, சீலை ஒட்டித் தள்ளி வைப்பது. ஃபோர்க் அமுங்கும்போது சீல் அதைத் தள்ளிக்கொண்டு போகும். எழும்போது கேபிள் டை அங்கேயே நின்றுவிடும். ஐந்தாறு லேப் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், ஃபோர்க் அதிகபட்சம் எவ்வளவு அமுங்கியது என்பதற்கு அதுவே சாட்சி.

ஃபோர்க் முழுதும் அமுங்கினால் எது வரை போகும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அந்த எல்லைக்கு 10 மி.மீ. போல முன்னால் கேபிள் டை நின்றால் நல்லது. எல்லை வரை போயிருந்தால் முழு பிரேக்கில் ஃபோர்க் அடியில் இடிக்கிறது, அந்தக் கணத்தில் முன்டயருக்கு சஸ்பென்ஷனே இல்லை. 30, 40 மி.மீ. மிச்சம் இருந்தால் ஸ்பிரிங்கோ கம்ப்ரஷனோ தேவைக்கு மேல் விறைப்பு, அல்லது ஓட்டுபவர் இன்னும் அவ்வளவு வேகமாக பிரேக் பிடிக்கவில்லை. புதியவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் காரணம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வண்டி சொல்லும் மற்ற புகார்களையும் இப்படிப் படிக்கலாம்.

வளைவிலிருந்து ஆக்சிலரேட்டர் கொடுத்து வெளியே வரும்போது வண்டி நினைத்த கோட்டை விட்டு வெளியே ஓடுகிறதா? பின்பக்கம் அதிகம் உட்கார்ந்துவிடுகிறது. பின் சேக்கை மறுபடி அளக்க வேண்டும். சரியாக இருந்தால், வசதி உள்ள ஷாக்கில் கம்ப்ரஷனைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம்.

வளைவின் நடுவில் வண்டி மேலும் கீழும் ஊஞ்சல் ஆடுகிறதா? ரீபவுண்டு போதவில்லை.

பிரேக் பிடித்ததும் முன்பக்கம் சட்டென்று குனிகிறதா? முன் ப்ரீலோடு அல்லது கம்ப்ரஷன் குறைவு.

சின்னச் சின்ன மேடு பள்ளங்களிலும் ஹேண்டில் கையை உதறுகிறதா? ஏதோ ஒன்று தேவைக்கு மேல் இறுகியிருக்கிறது.

இதில் ஒரே ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அதுவும் ஒன்று, இரண்டு க்ளிக். ஓட்டிப் பார்த்து, எழுதி வைத்து, அப்புறம் அடுத்தது. ரீபவுண்டு, கம்ப்ரஷன், டயர் காற்று என்று மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டு வண்டி நன்றாக ஓடினாலும், எதனால் நன்றாக ஓடியது என்று தெரியாது. மோசமாக ஓடினால் திரும்பிப் போக வழியும் தெரியாது. நோட்டில் நேரம், வெயில், டயர் காற்று, க்ளிக் எண்ணிக்கை, ஓட்டியபோது தோன்றியது என்று ஐந்து கட்டம் போட்டால் போதும். காலை எட்டு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் தார் சூடு வேறு, டயர் சூடு வேறு. சூடு ஏறினால் டயருக்குள் காற்றழுத்தமும் ஏறும். மதியம் வண்டி வழுக்கினால் உடனே ஸ்க்ரூ டிரைவரைத் தேடக் கூடாது. முதலில் ஏர் கேஜ்.

திருக ஸ்க்ரூவே இல்லாத வண்டிக்கு?

பல வண்டிகளில் முன் ஃபோர்க்கில் திருக எதுவும் இருக்காது. அதற்காக மனம் தளர வேண்டாம். ஆர்.எக்ஸ். 100 காலத்து மெக்கானிக்குகள் இதற்கு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ஃபோர்க் மூடியைத் திறந்து, ஸ்பிரிங்குக்கு மேலே சரியான அளவில் வாஷரோ பி.வி.சி. பைப் துண்டோ வைத்தால் அதுவே ப்ரீலோடு. ஃபோர்க் ஆயிலைக் கொஞ்சம் கெட்டியான ரகமாக மாற்றினால் டேம்பிங் கூடும். என்ன, கெட்டி ஆயில் கம்ப்ரஷன், ரீபவுண்டு இரண்டையும் சேர்த்தே கூட்டும். ஒன்றை மட்டும் கூட்ட முடியாது.

பல வருடமாக மாற்றாத ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினாலே, 'புது ஃபோர்க் மாட்டினீங்களா?' என்று கேட்கும் அளவுக்கு வித்தியாசம் தெரியும். இந்த வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம்தான் கொடுக்க வேண்டும். மூடிக்குக் கீழே ஸ்பிரிங் அமுங்கி நிற்பதால், கவனமில்லாமல் கழற்றினால் மூடி முகத்தில் பாயும். பின் ஷாக்கில் அழுத்தம் ஏற்றிய நைட்ரஜன் இருக்கும் ரகங்களை வீட்டில் பிரிக்கவே கூடாது.

இத்தனையும் செய்து பார்த்த பிறகும் 'ஸ்பிரிங் என் எடைக்குப் போதவில்லை' என்று நோட்டு சொன்னால், அப்போது பணம் செலவழிக்கலாம். முதலில் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங். ஸ்வீடனின் ஓலின்ஸ் மாதிரி பெரிய பெயர் போட்ட ஷாக் எல்லாம் அதற்கும் அப்புறம். அந்த விலையுயர்ந்த ஷாக்கை வாங்கினாலும், அன்றைக்கும் வாசலில் மூன்று பேர் சேர்ந்து இன்ச் டேப்போடு நிற்கத்தான் வேண்டும்.

வீட்டார் கவனத்துக்கு

பிள்ளை ட்ராக்குக்குப் போகிறான் என்றால் வீட்டில் பயம் இருக்கும், அது நியாயம். தடுப்பதைவிடச் சில கேள்விகள் கேட்பது பலன் தரும். ஒரே துண்டாகத் தைத்த லெதர் சூட் இருக்கிறதா? முழு முக ஹெல்மெட்டா? பயிற்றுநர் இருக்கிறாரா? டயர் எப்போது மாற்றியது? வழக்கமான மோட்டார் இன்ஷூரன்ஸ் பாலிசியில் ரேஸும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டிருக்கும் என்பது அவனுக்குத் தெரியுமா? விழுந்தால் வண்டிச் செலவு முழுக்கக் கைக்காசுதான்.

கடைசியாக இன்னொரு கேள்வி: "திரும்பி வரும்போது ரோட்டு செட்டிங்குக்கு மாத்திட்டியாப்பா?" ட்ராக்குக்காக விறைப்பாக வைத்த வண்டியில் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து காந்தி மார்க்கெட் போனால், ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரும் அம்மாவின் இடுப்புக்குப் போய்ச் சேரும். அதோடு, குழியில் டயர் தரையை விட்டு எழும்பும் ஆபத்தும் உண்டு. நோட்டின் முதல் பக்கத்தில் 'ரோடு' என்று தலைப்புப் போட்டு, பழைய சேக்கும் க்ளிக் எண்ணிக்கையும் எழுதி வைத்திருந்தால் பழையபடி மாற்றப் பத்து நிமிட வேலை. எழுதி வைக்காதவருக்கு அது என்றைக்கும் தீராத வேலை.

(அடுத்த வாரம்: செயினும் ஸ்ப்ராக்கெட்டும், எப்போது சேர்த்து மாற்ற வேண்டும்?)